நீரிலே பாய்ந்த ஒளி: சிலிக்கன் நுண்துணிக்கைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வத்தேகமைக்கு வடக்கே, மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டைப் பகுதியில், குவாட்ஸ் எனப்படும் வெங்கச்சங்கல் நரம்புகளாக ஓடுகின்றது. இத்தகைய கல்லினின்று ஒட்சிசனை நீக்கிப் பெறப்படும் சிலிக்கனே இன்றைய இலத்திரனியலுக்கு அடித்தளம். கட்டியாக இருக்கையில் இம்மூலகம் ஒளியை உமிழ்வதிற் பெரிதும் வலிமை குன்றியது. ஐந்து நனோமீற்றருக்கும் குறைவாகச் சிறுத்தவிடத்தோ செந்நிறமாக ஒளிர வல்லது. நுண்துளைச் சிலிக்கன் இவ்வாறு ஒளிர்வதை 1990 இல் பிரித்தானியாவைச் சேர்ந்த லீ கன்ஹம் அறிவித்தபின், அத்தகு துணிக்கைகளை ஆக்கும் வழிகளை ஆய்வாளர் பலர் நாடலாயினர்.

அவ்வழிகளுள் ஒன்று லேசரின் துணைகொண்டது. பரடே 1857 இல் விவரித்த செந்நிறப் பொற்கூழ் இரசாயனத் தாக்கத்தினாற் பெறப்பட்டது. அத்தகைய முறையில் வேண்டாத பொருள்களும் கரைசலில் எஞ்சிவிடும். 1960 இல் மெய்மன் மாணிக்க லேசரை இயக்கிக் காட்டிய பின்னர் வேறொரு வழி திறந்தது. திரவத்துள் அமிழ்த்திய தகட்டின்மீது செக்கனின் நூறு கோடியிற் சில பங்கு நேரமே நீடிக்கும் ஒளித்துடிப்புப் பாய்கின்றது. மேற்பரப்பு ஆவியாகிப் பிளாஸ்மா நிலையை எய்துகின்றது. சூழ்ந்துள்ள திரவம் அதனை விரியவிடாது நெருக்குவதால் அமுக்கம் மிகுகின்றது. அடுத்த கணமே அத்திரவம் அதனைக் குளிர்விக்கின்றது. எழுந்த குமிழி பருத்துச் சிதைய, நுண்துணிக்கைகள் திரவத்தில் எஞ்சுகின்றன.

இம்முறையின் தோற்றுவாய் எது? ஜேர்மனியில் பொஜ்டிக், ஹெங்லைன் ஆகியோரும் அமெரிக்காவிற் கொட்டன் குழுவினரும் 1993 இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்தே சிலர் தொடங்குவர். பூனாப் பல்கலைக்கழகத்தாரின் பணியை நோக்கின் இக்கணிப்பு நிற்பதாயில்லை. பாட்டீல், ஒகலே, பீடே முதலானோர் நீரில் அமிழ்ந்த இரும்பின்மீது மாணிக்க லேசரைச் செலுத்தி, இயல்பில் நிலைபெறாத ஒட்சைட்டு உருவாவதை 1987 இலேயே வெளியிட்டனர். அவர்கள் நாடியது இரும்பின் மேற்பரப்பையே. துணிக்கைகளை அன்று என்று மறுப்போர் உளர். மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் 1992 இல் ஒகலே குழுவினர் பென்சீனில் அமிழ்ந்த காரீயத்திலிருந்து வைரத் துணிக்கைகளைப் பெற்றதாக அறிவித்தனர். இதற்குப் பின்னும் தொடக்கத்தை 1993 இல் வைப்பது ஆய்வின் குறைபாடன்றி வேறென்ன?

சிலிக்கனோ இவ்வழியில் எளிதில் வயப்படவில்லை. நீரிற் பிறந்த அதன் துணிக்கை ஒட்சிசனைப் பற்றி மேலே சிலிக்காவாகின்றது, வெங்கச்சங்கல்லும் சிலிக்காவே. ஆகையால் எதனோல் போன்ற திரவங்களும் பரிசோதிக்கப்பட்டன. அங்கும் காபன் வந்து கலக்கும் இடரொன்று உண்டு. பெற்ற துணிக்கை சிலிக்கன்தானா என்று தேறுதற்கு உதவுவது, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் கல்கத்தாவில் 1928 இல் கண்ட ஒளிச்சிதறலே. பளிங்குச் சிலிக்கனின் இராமன் கோடு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 520 அலைகள் என்னும் அளவிற் தோன்றும். துணிக்கை சில நனோமீற்றராகச் சிறுக்க, அக்கோடு அகன்று, அவ்வெண்ணும் சற்றுக் குறைகின்றது.