220 என்ற கதவு எண்

தோட்டத்துக் காலைப் பெரட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். கிராணி "முனியம்மா" என்று கூப்பிடுகிறார். மூன்று முனியம்மாக்கள் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால் அவர் யார் பெயரில் வேலை நாளை எழுதுவார்? அதனால்தான் செக்ரோலில் பெயருக்குப் பக்கத்தில் எண் வேண்டியிருந்தது. கணிப்பொறிக்குள்ளும் இதே தொல்லை இருந்தது. அந்தச் சரித்திரத்தில் சிங்கப்பூருக்கு ஒரு பங்கு உண்டு.

சிம் வோங் ஹூ என்பவர் 1981இல் நண்பருடன் சேர்ந்து, சைனாடவுனில் அன்றிருந்த பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறு கடை வைத்தார். அதுவே கிரியேட்டிவ் டெக்னாலஜி. 1989இல் அவர்கள் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற ஒலி அட்டையை வெளியிட்டார்கள். தனி அட்டை இல்லாத ஐபிஎம் வகைக் கணிப்பொறி, 'பீப்' என்று கத்துவதைத் தவிர அதிகம் செய்யாத காலம் அது.

இந்த அட்டையைக் கணிப்பொறிக்குள் செருகும் இடத்தில் பல அட்டைகளுக்கும் பொதுவாக ஒரு கம்பி வரிசை ஓடும். அதற்கு 'பஸ்' என்று பெயர். ஒரே பாதையில் போகும் செய்தி எல்லா அட்டைகளின் காதிலும் விழும். தன் எண் சொல்லப்பட்டால் மட்டுமே அட்டை வாய் திறக்க வேண்டும். சவுண்ட் பிளாஸ்டரின் எண் 220. இது பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கு. நம் கணக்கில் 544.

அந்த எண்ணைக் கொடுத்தது யார்? வாங்கியவர்தான்! தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 1987இல் திறந்த சிம் லிம் ஸ்குவேரில் அட்டை வாங்கியவரும் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறப்பார். அட்டையிலுள்ள ஊசிகளில் 'ஜம்பர்' எனும் சின்னஞ்சிறு மூடியை மாற்றி மாற்றிச் செருகுவார். வேறோர் அட்டையும் 220இல் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பேசும், எதுவும் விளங்காது. செயலியைக் கூப்பிடும் கம்பிக்கும் எண் உண்டு. முதலில் அதை 7 என்று வைத்தார்கள். அச்சு எந்திரத்துக்கும் வழக்கமாக 7தான்! பிற்பாடு 5 என்று மாற்றினார்கள்.

விளையாட்டு நிரல்கள் 220ஐத் தேடியே பழகிவிட்டதால், போட்டி நிறுவனங்களின் அட்டைகளும் அதே எண்ணில் உட்கார்ந்து, சவுண்ட் பிளாஸ்டர் போலவே பதில் சொல்லப் பழக வேண்டியதாயிற்று. ஒரு கடைக்காரரின் கதவு எண் ஊருக்கே அடையாளமாகிப் போவது போலத்தான் இது.

1993இல் இன்டெலும் மைக்ரோசாப்டும் ஒரு முறை வகுத்தன. எங்கள் கண்ணுக்கு இது மிக அழகான முறை. தொழிற்சாலையிலேயே ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு நீண்ட அடையாள எண்ணைப் பதித்துவிடுவார்கள். சரிபார்ப்பு இலக்கங்களோடு சேர்த்து 72 இலக்கங்கள். எல்லாம் ஒன்று அல்லது பூஜ்யம். கணிப்பொறி ஒவ்வோர் இலக்கமாகக் கேட்கும். 'ஒன்று' உள்ளவர் குரல் கொடுப்பார். 'பூஜ்யம்' உள்ளவர் காது கொடுப்பார். வேறு குரல் கேட்டால் அந்தச் சுற்றிலிருந்து பேசாமல் விலகிக்கொள்வார். கடைசியில் ஒருவரே மிஞ்சுவார். அவருக்கு ஓர் எண் கிடைக்கும். பிறகு மற்றவர்களுக்கு அடுத்த சுற்று. ஜம்பரைத் தொட வேண்டியதில்லை.

1995இல் வந்த விண்டோஸ் 95 இம்முறையை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு சிங்கப்பூரில் கட்டடத்துக்குக் கட்டடம் தனி ஆறு இலக்க அஞ்சல் எண்ணும் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை; பொருத்தம் பார்த்து நாங்கள் சிரித்துக்கொண்டோம், அவ்வளவே. ஆனால் பழைய விளையாட்டுகளின் பொருட்டு, புதிய சவுண்ட் பிளாஸ்டர்களும் 220 காலியாக இருந்தால் அங்கேயே குடியேறின.

1996இல் யூஎஸ்பி வந்தது. இதில் புதிதாகச் செருகிய கருவிக்குச் சொந்த எண் கிடையாது. பூஜ்யம் என்ற பொது எண்ணில் காத்திருக்கும். கணிப்பொறி ஒரு நேரத்தில் ஒரு வாசலையே திறந்து, அங்கு நிற்பவருக்கு 1 முதல் 127க்குள் ஓர் எண் கொடுத்து உள்ளே அனுப்பிய பிறகே அடுத்தவரைக் கூப்பிடும்.