குழியும் ஆறும்: தமிழ்நாட்டுச் சிறுகனிம விதிகளும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலும் (1957–2018)

முன்னுரை

கட்டுமானத்திற்கு வேண்டிய மணல், கிராவல், சவுடு ஆகியவை எடுக்கப்படும் ஆற்றுப்படுகையும் ஏரியுமே நிலத்தடி நீருக்கும் பாசனத்திற்கும் ஆதாரமாக விளங்குகின்றன. ஆகவே, எங்கு, எவ்வளவு எடுக்கலாம் என்பது கனிம விதிகளுக்கு மட்டுமின்றி நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலுக்கும் உரிய வினாவாகும். இவ்விரண்டும் தனித்தனியே வளர்ந்ததன் விளைவை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவேறு சட்டங்கள்

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் கட்டடக் கல், கிராவல், சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவற்றைச் சிறுகனிமங்கள் என வரையறுத்தது. அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை அதன் 15ஆம் பிரிவு மாநிலங்களுக்கு வழங்கியது. அதன்வழி 1959இல் வகுக்கப்பட்ட சிறுகனிமச் சலுகை விதிகள் குத்தகை, சீனியரேஜ் தொகை, அனுமதி ஆகியவற்றையே மையமாகக் கொண்டன. மறுபுறம், 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் மண்டலத் திட்டங்களுக்கு வழிவகுத்தது. ஆயினும், குவாரி அனுமதி வருவாய், கனிமத் துறைகளின் வழியிலும், நிலத் திட்டமிடல் ஊரமைப்புத் துறையின் வழியிலும் சென்றன.

உடைமையும் அளவும்

2003 அக்டோபரில் சேர்க்கப்பட்ட 38-அ விதி, மணல் எடுக்கும் உரிமையைத் தனியாரிடமிருந்து மாநில அரசுக்கே உரியதாக்கியது. உச்ச நீதிமன்றம் 2006இல் அவ்விதியின் செல்லுபடியை ஏற்றது. இம்மாற்றம் எடுப்பவர் யார் என்பதற்கு விடையளித்தது. ஓர் ஆறு எவ்வளவு இழப்பைத் தாங்கும் என்ற வினா எஞ்சியே நின்றது.

அவ்வினா 2012 பிப்ரவரி 27இல், தீபக் குமார் எதிர் அரியானா அரசு வழக்கில் முன்னுக்கு வந்தது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 5 எக்டேரும் அதற்கு மேலும் உள்ள குத்தகைகளையே கருத்தில் கொண்டிருந்தது. இதனால் நிலத்தைச் சிறு துண்டுகளாக்கிக் குத்தகைக்கு விடுவது எளிதாயிற்று. துண்டுகள் ஒன்றுசேர்ந்து விளைவிக்கும் கேட்டைக் கருதிய நீதிமன்றம், 5 எக்டேருக்குக் குறைந்த குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் இசைவு வேண்டும் என ஆணையிட்டது. தொடர்ந்து 2016 ஜனவரி 15ஆம் நாள் அறிவிக்கை, அருகருகே அமையும் குத்தகைகளைத் தொகுதியாகக் கருதவும் மாவட்ட ஆய்வறிக்கை தயாரிக்கவும் வகைசெய்தது. குழியை மட்டும் அளந்த முறையிலிருந்து நிலப்பரப்பை நோக்கி எடுத்து வைக்கப்பட்ட முதன்மையான அடி இதுவெனலாம்.

எல்லைச் சிக்கல்

எனினும் இவ்வறிக்கையின் அலகு மாவட்டமேயன்றி ஆற்றுப்படுகை அன்று. கொள்ளிடம் அரியலூர், தஞ்சாவூர் மாவட்டங்களுக்கிடையே எல்லையாக ஓடுகிறது; அதன் ஒரே படுகை இரு மாவட்டங்களின் கணக்கில் பிரிகிறது. 2018 ஆகஸ்டு 22இல் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் இடிந்தபோது, உழவர் அமைப்புகள் மணல் எடுப்பைக் காரணமாகக் காட்டின. அரசு, வெள்ளத்தையும் அணையின் முதுமையையும் சுட்டியது. படுகை முழுமைக்குமான இழப்பு, வரவுக் கணக்கு ஒன்று முறையாகப் பேணப்பட்டாலன்றி இத்தகைய வாதங்கள் முடிவுக்கு வருதல் அரிது.

முடிவுரை

தமிழ்நாட்டின் சிறுகனிம வரலாறு வருவாய், உடைமை, தாக்கம் என்னும் மூன்று நிலைகளில் வளர்ந்துள்ளது. இவை ஒவ்வொன்றும் முந்தையதன் குறையை ஓரளவு நீக்கியுள்ளன. ஆற்றுப்படுகையை அலகாகக் கொண்ட எடுப்பு வரம்பை மண்டலத் திட்டத்திலேயே முன்கூட்டி வரையறுப்பது நான்காம் நிலையாக அமைதல் வேண்டும். அவ்வாறின்றேல், ஒவ்வோர் அனுமதியும் விதிப்படி சரியாக இருந்தும் ஆறு அழியக்கூடும்.