ஐப்பசி, கார்த்திகையில் நீலகிரி அருவிகள்

நீலகிரி மாவட்டத்தின் மேட்டுநிலத்திலிருந்து சமவெளி நோக்கி இறங்கும் ஓடைகள், மலை முடியும் விளிம்புகளில் அருவிகளாக விழுகின்றன. கோத்தகிரியை அடுத்த கேத்தரின், குன்னூரைச் சுற்றியுள்ள லாஸ், காட்டேரி, கொலக்கம்பை, உதகைக்கு மேற்கே பைக்காரா, வடக்கே கல்லட்டி ஆகியவை இவற்றில் பெயர்பெற்றவை. ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் இவை ஒரே மாதத்தில் பெருகுவதில்லை. மேற்குப் பக்கத்து அருவிகளுக்கு ஆனி, ஆடியும், கிழக்குப் பக்கத்து அருவிகளுக்கு ஐப்பசி, கார்த்திகையும் பருவம். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுப் போடும் பயணத் திட்டத்தில், ஒன்று வறண்ட பாறையைப் பார்க்க நேரும், அல்லது மூடுபனிக்குள் நின்று இரைச்சலை மட்டும் கேட்டுத் திரும்ப நேரும்.

இரண்டு மழை, இரண்டு சரிவு

மாவட்டத்தின் நடுவே 2637 மீட்டர் உயரத்தில் நிற்கும் தொட்டபெட்டாவும் அதன் தொடரும் மழையைப் பங்குபோடும் சுவராக இருக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கமிருந்து ஏறிவந்து முக்கூர்த்தி, குந்தா மலைகளிலும் கூடலூர், தேவாலா, பந்தலூரிலும் கொட்டித் தீர்க்கிறது. தொட்டபெட்டாவைத் தாண்டிக் கோத்தகிரிக்கு வரும்போது அதில் தூறல்தான் மிச்சமிருக்கும். அக்டோபர் மூன்றாவது வாரவாக்கில் காற்று திசை மாறுகிறது. வங்கக் கடலின் மேகங்கள் மேட்டுப்பாளையம் சமவெளியைக் கடந்து, கல்லாறு பள்ளத்தாக்கு வழியாகக் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் ஏறுகின்றன. இப்போது மேற்குப் பக்கத்துக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

இந்தப் பங்கீடு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இரண்டு பதிவுகள் போதும். 2019 ஆகஸ்டில் மேற்கே உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அது தென்மேற்குப் பருவத்தின் வேலை. 2009 நவம்பர் 10 அன்று பதிவான கணக்கின்படி கிழக்கே உள்ள கேத்தியில் 82 சென்டிமீட்டர். அது வடகிழக்குப் பருவத்தின் வேலை. இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர் அளவே இருக்கும்.

சார்னோகைட் என்னும் கடினப் பாறையாலானது இந்த மலை. மேட்டுநிலத்தில் நிதானமாக ஓடிவரும் ஓடை, பாறை முடியும் இடத்துக்கு வந்ததும் படிப்படியாக இறங்க வழியின்றி ஒரேயடியாக விழுகிறது. குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு துண்டும் எண்ணெயுமாக வருகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். நீலகிரி அருவிகள் பார்ப்பதற்கானவை, குளிப்பதற்கானவை அல்ல.

கேத்தரின் அருவி

மேட்டுப்பாளையம் – கோத்தகிரி சாலையில் அரவேணுவை ஒட்டி, சுமார் 250 அடி உயரத்திலிருந்து இரண்டு அடுக்காக விழுகிறது கேத்தரின். இதன் நீர் கல்லாற்றில் சேர்கிறது. சேலத்தில் ஆட்சியராக இருந்தவரும், ஏற்காட்டிலும் கோத்தகிரி மலையிலும் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தவராக அறியப்படுபவருமான எம். டி. காக்பர்னின் மனைவி பெயரால் இது அழைக்கப்படுகிறது. படகர்கள் இதற்கு வைத்த பெயர் கெத்தெஹாடா ஹள்ளா.

இந்த அருவியை இரண்டு இடங்களிலிருந்து பார்க்கலாம். இரண்டும் இரு வேறு அனுபவங்கள். அரவேணுவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே நடந்து சென்றால் அருவியின் தலைப்பகுதியை நெருங்கலாம். அங்கே தண்ணீர் இருக்கும், காட்சி இருக்காது. விழுகிற இடம் காலுக்குக் கீழே போய்விடுவதால் முழு உருவம் பிடிபடாது. மழைக்காலத்தில் அந்தப் பாறைகள் வழுக்கும் என்பதால் விளிம்புக்குப் போகவே கூடாது. முழு அருவியையும் பார்க்க வேண்டுமென்றால் பள்ளத்தாக்கின் எதிர்க்கரைக்கு, அதாவது குன்னூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள டால்பின் மூக்குக்குப் போக வேண்டும். கண்ணுக்கு எதிரே இருக்கும் அருவிக்காக ஒரு மலையை இறங்கி இன்னொன்றில் ஏறுவது வீண் அலைச்சல் போலத் தோன்றும். ஆனால் அங்கு நின்று பார்த்தால்தான் பச்சைச் சரிவின் நடுவே மேலடுக்கு ஒடுங்கி விழுவதும், இடையில் ஒரு திட்டில் நின்று மறுபடி அகன்று இறங்குவதும் தெரியும். இரைச்சல் அவ்வளவு தூரம் எப்போதும் வந்து சேர்வதில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் மட்டும் கேட்கும்.

இங்கே நேரம்தான் எல்லாம். கார்த்திகையில் காலை ஏழு முதல் ஒன்பது மணி வரை பள்ளத்தாக்கு பெரும்பாலும் திறந்திருக்கும். வெயில் ஏறக் கீழிருக்கும் ஈரம் ஆவியாகி மேலே வருகிறது. பகல் பதினொரு மணிக்கு மேல் வந்து, வெள்ளைத் திரைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களே அதிகம். உதகையில் தங்கிக் காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பும் வேன்கள் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து சேர்கின்றன. அருவியைப் பார்ப்பதே நோக்கம் என்றால் குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்குவதுதான் சரி.

குன்னூர்ப் பக்கம்

குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள லாஸ் அருவி, அந்த மலைப்பாதையை அமைத்த ஆங்கிலப் பொறியாளர் லாவின் பெயரைத் தாங்கியது. உயரம் குறைவு, ஆனால் சாலைக்கு மிக அருகில் இருப்பதாலேயே ஆபத்தானது. மேலே குன்னூரில் பெய்யும் மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேரும். இங்கு நீரில் இறங்கி உயிரிழந்தவர்கள் பலர்.

குந்தா சாலையில் உள்ள காட்டேரி அருவிக்கு வேறொரு வரலாறு. அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மின்சாரம் தர, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த நீரில் ஒரு புனல்மின் நிலையம் அமைக்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய புனல்மின் நிலையங்களில் அதுவும் ஒன்று. கொலக்கம்பை அருவி சுமார் 400 அடி உயரத்தது. கூட்டம் குறைவு, பாதையும் சுமார்.

பைக்காராவும் கல்லட்டியும்

முக்கூர்த்தி மலையில் பிறந்து வடக்கே ஓடும் பைக்காரா, தோடர்கள் புனிதமாகக் கருதும் ஆறு. பின்னர் அதுவே மோயாறாகிப் பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. உதகை – கூடலூர் சாலையில் இருபது கிலோமீட்டர் தொலைவில் அது 55 மீட்டர், 61 மீட்டர் என இரு வீழ்ச்சிகளாக இறங்குகிறது. அருவி என்பதைவிடப் பாறைப் படிகளில் உருண்டு செல்லும் ஆறு என்பதே பொருத்தம்.

சென்னை மாகாண அரசு 1929இல் தொடங்கிய பைக்காரா மின்திட்டம் 1932இல் மின்சாரம் தந்தது. ஏறத்தாழ 3000 அடி உயரத்திலிருந்து குழாய்கள் வழியாகத் தண்ணீரைச் சிங்காராவுக்கு இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூரில் 1930களில் பஞ்சாலைகள் பெருகியதற்குப் பைக்காரா மின்சாரம் முக்கியக் காரணம். 1950களின் பிற்பகுதியில் கனடாவின் உதவியோடு தொடங்கிய குந்தா திட்டம் மேற்குப் பக்கத்து ஆறுகளில் இன்னும் பலவற்றை அணைக்குள் கொண்டுவந்தது. இதன் விளைவு பயணிக்கு நேரடியாகத் தெரியும்: பைக்காராவில் எவ்வளவு தண்ணீர் விழும் என்பதை இப்போது வானம் மட்டும் முடிவு செய்வதில்லை, அணையும் முடிவு செய்கிறது. தென்மேற்குப் பருவம் நன்றாகப் பெய்த ஆண்டில் புரட்டாசி வரை நல்ல ஓட்டம் இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு அருவியைவிட ஏரியும், வழியில் வரும் பைன் காடும், ஷூட்டிங் மேட்டுப் புல்வெளியும்தான் போய்வருவதற்குக் காரணமாக இருக்கும்.

கல்லட்டி அருவி உதகையிலிருந்து 13 கிலோமீட்டரில், மசினகுடிக்கு இறங்கும் பாதையில் உள்ளது. உயரம் சுமார் 120 அடி. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இந்தப் பாதையில் விபத்துகள் தொடர்ந்ததால், 2018இல் நடந்த ஒரு கோர விபத்துக்குப் பின் வெளியூர் வாகனங்கள் உதகையிலிருந்து இறங்கத் தடை விதிக்கப்பட்டது. வரைபடச் செயலி குறுக்குவழி என்று காட்டினாலும் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

எப்போது போவது

சங்க இலக்கணம் குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் வைத்தது. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். சமவெளிக்காரர்கள் மலைக்குப் போவதோ சித்திரை, வைகாசியில். அப்போது கிழக்குச் சரிவு அருவிகள் பெயரளவுக்கே விழும்.

செப்டம்பர், அக்டோபரை உதகையில் ‘இரண்டாவது சீசன்’ என்பார்கள். 1848இல் தொடங்கப்பட்ட அரசுத் தாவரவியல் பூங்காவில் மறுபடியும் பூந்தொட்டிகள் அடுக்கப்படும். ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைகளில் சாலை நிரம்பிவிடும். தீபாவளி முடிந்ததும் ஊர் காலியாகும், அறை வாடகை இறங்கும், மழை ஏறும். அவசரமில்லாத பயணத்துக்கு ஏற்றது இந்த இடைவெளிதான். அதிலும் தொடர்மழையின் நடுவே போவதைவிட, ஒரு மழைச் சுற்று முடிந்து வானம் வெளுத்த இரண்டாம் மூன்றாம் நாளில் போவது நல்லது. ஓடைகள் நிறைந்திருக்கும், மண்கலங்கல் தெளிந்திருக்கும், சாலையில் விழுந்த மரங்களை அகற்றியிருப்பார்கள். மார்கழி தொடங்கியபின் உதகைப் பள்ளங்களில் உறைபனி விழும். கேத்தரினில் தண்ணீர் அப்போதும் இருக்கும்.

சாலையும் ரயிலும்

அருவியை நிறைக்கும் அதே மழைதான் சாலையையும் அடைக்கிறது. செங்குத்துச் சரிவில் பாறைமேல் படிந்த மண், நாள்கணக்கில் ஊறியதும் பிடி விடுகிறது. சாலைக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவை வெட்டிய இடங்களில் இது இன்னும் எளிது. 1993 நவம்பரில் குன்னூர்ப் பாதையில் மரப்பாலம் அருகே ஏற்பட்ட நிலச்சரிவையும், நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த 2009 நவம்பர் சரிவுகளையும் இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. ஆகவே வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே முறை. முன்பணம் போனால் போகட்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே செல்லச் சாலைகள் இரண்டு: பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஒன்று, கோத்தகிரிக்கு ஒன்று. ஒன்று அடைபட்டால் மற்றது வழி. மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கே முதலிடம். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாவது கியரில் வர வேண்டும்.

1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய மலை ரயில், 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் பல்தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. மழைக்காலத்தில் பெயரில்லாத சிற்றோடைகள் பலவற்றைச் சன்னலோரத்திலேயே பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், மண் சரிந்து தண்டவாளம் மூடப்படுவதும் இதே மாதங்களில்தான்; பல நாள் சேர்ந்தாற்போல் ரத்தாவதும் உண்டு. ரயிலை நம்பி முழுத் திட்டத்தையும் கட்டாமல், ஓடினால் ஏறிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். குன்னூர் – உதகை இடையே மட்டும் ஓடும் ரயில்கள் அவ்வளவு எளிதில் நிற்பதில்லை.

தங்கலும் பொழுதும்

ஐப்பசி, கார்த்திகைப் பயணத்துக்குக் கோத்தகிரியையே மையமாகக் கொள்ளலாம். அங்கிருந்து கேத்தரின், உயிலட்டி அருவி, மோயாற்றுப் பள்ளத்தைக் காட்டும் கோடநாடு காட்சிமுனை எல்லாம் அரைநாள் தூரம். மூன்று இரவு தங்குவதாக இருந்தால் அதில் ஒரு நாளை எதுவும் வைக்காமல் விட்டுவிட வேண்டும். அந்த நாள் மழைக்கு. மூடுபனி விலகாத காலையில் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் கட்டிய வீட்டைப் பார்க்கலாம். 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த அவர் இந்த மலைக்கு ஏறிவந்தபின்தான் நீலகிரியின் புதிய வரலாறு தொடங்குகிறது. வீடு இப்போது நினைவகம்.

தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கவும் மழைநாளே ஏற்றது. தோட்டத்தில் பெண்கள் பிளாஸ்டிக் தாளை இடுப்பிலும் தலையிலும் கட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பார்கள். ஈரக் கொழுந்து எடை காட்டும், ஆனால் வாட்டுவதற்கு வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும். தொட்டிகளுக்கு அடியிலிருந்து விசிறிகள் இரவெல்லாம் ஓடும். அந்த ஆலைக்குள் நுழைந்தால் பச்சையிலை வாசனை சட்டையில் ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்து சூடான டீயும் வர்க்கியும் சாப்பிடலாம்.

புல்தரையில் நடந்தால் அட்டை ஏறும்; பிடித்து இழுக்காமல் உப்பைத் தொட்டு வைத்தால் விழுந்துவிடும். தேயிலைச் சரிவுகளில் காட்டுமாடும் கரடியும் சாதாரணமாக நடமாடுவதால், பொழுது சாய்ந்தபின் தோட்டப் பாதைகளில் நடப்பது உசிதமல்ல. பகலில் இருபது டிகிரியை ஒட்டியும் இரவில் பத்துக்கு அருகிலும் வெப்பநிலை இருக்கும். கம்பளியைவிட நனையாத மேலங்கியே அதிகம் பயன்படும்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. 2025 கோடையில் வார நாளுக்கு 6000, வார இறுதி நாளுக்கு 8000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்கள் மாவட்டத்தில் தடைசெய்யப்பட்டவை. சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தால் அங்கே நிற்க வேண்டியதில்லை.