நிலத்தடி நிலையத்தில் பகலொளி: சென்னை மெட்ரோவை முன்வைத்து

முன்னுரை

கொட்டிவாக்கத்தின் மேற்கு எல்லையில், பழைய மகாபலிபுரம் சாலையில், மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் வழித்தடம் தூண்களின் மேல் எழுந்து வருகிறது. மாதவரம் பால்பண்ணையையும் சிறுசேரி சிப்காட்டையும் இணைக்கும் இத்தடம் தரமணிப் பகுதியில் மண்ணுக்குள் இறங்கி, திருவான்மியூர், அடையாறு, மயிலாப்பூர் எனத் தென்சென்னையின் நெரிசலான பகுதிகளை நிலத்தடியிலேயே கடக்கிறது. பாலத்தின் மேல் வெயிலோடு வரும் பயணி, சில நிமிடங்களில் பகலா இரவா என்று அறிய முடியாத நடைமேடையில் நிற்பார். இது தவிர்க்க முடியாததன்று. கட்டுமானத்தின்போது எப்படியும் திறக்கப்படும் துளைகளில் சிலவற்றை மூடாமல் விட்டாலே நிலத்தடிக்குப் பகலொளி கிடைக்கும். அந்த முடிவை வரைபட நிலையிலேயே எடுத்தாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெயிலின் கோணம்

கோபன்ஹேகன் மெட்ரோ 2002இல் திறக்கப்பட்டபோது, தெருமட்டத்தில் அமைத்த கண்ணாடிப் பிரமிடுகள் வழியே நிலத்தடி நடைமேடைக்கு ஒளி இறக்கப்பட்டது. லண்டனில் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட கேனரி வார்ஃப் நிலையத்தில், வளைந்த கண்ணாடிக் கூரைகள் நகரும் படிக்கட்டுகளுக்கு மேல் நின்று அதே பணியைச் செய்கின்றன. இவை வெயில் அரிதான ஊர்களின் தீர்வுகள். டிசம்பரின் மிகக் குறுகிய பகல்நாளின் நண்பகலில் கோபன்ஹேகனில் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 11 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. சென்னையிலோ அதே நாளில் ஏறத்தாழ 53 பாகை. 20 மீட்டர் ஆழத்திலுள்ள தரையில் அன்று நேர்வெயில் விழ, கோபன்ஹேகனில் தென்வடலாக 100 மீட்டருக்கு மேல் நீண்ட திறப்பு வேண்டும். சென்னையில் 15 மீட்டர் போதும். ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதால், சிறு துளையும் வெயிலை நேராக அடிமட்டத்தில் கொட்டும்.

ஆகவே இங்கே சிக்கல் ஒளியின் மிகுதிதான். திறந்தவெளி வெயிலின் அளவு ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நடைமேடைக்குச் சில நூறு லக்ஸ் போதும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நாம் கீழே அனுப்ப வேண்டியிருக்கிறது. அதற்குத் திறப்பு அகலமாக இருக்க வேண்டியதில்லை. மேலே வெயிலை மறைக்கும் சாய்தகடுகளும், பக்கவாட்டில் வெண்ணிறச் சுவர்களும் இருந்தால், சிதறிய ஒளி மட்டும் இறங்கும். நம் பழைய வீடுகளில் முற்றத்து வெயில் தாழ்வாரத்துக்கு இதமான வெளிச்சமாக மாறியதும் இந்த வழியில்தான்.

மின்சேமிப்பு என்னும் பலவீனமான வாதம்

பகலொளியை ஆதரிப்போர் முதலில் சொல்வது மின்கட்டணக் குறைவு. சென்னைக்கு அது வலுவான காரணமாகாது. ஒரு வாட் வெப்பத்தோடு பகலொளி தரும் வெளிச்சம் சுமார் 100 லூமன். நல்ல எல்இடி விளக்கும் ஏறத்தாழ அதே அளவைத் தருகிறது. தேவைக்கு மிஞ்சி ஒளியை விட்டால், விளக்கில் மிச்சமான மின்சாரத்தைக் குளிர்சாதனம் விழுங்கிவிடும்.

உண்மையான பயன் பயணிக்கே. எந்தப் பக்கம் வெளியேறுவது என்பதை, பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாதவருக்கும் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். பகலில் மின்சாரம் நின்றாலும் படிக்கட்டு இருளாது. இரு வழித்தடங்கள் சந்திக்கும் திருமயிலை நிலையம் ஏறத்தாழ 35 மீட்டர் ஆழத்துக்குத் திட்டமிடப்பட்டது. அவ்வளவு ஆழத்தில் கடைசித் தளம் வரை ஒளி எட்டாது. மேல்தளங்களில் எட்டினாலே, கீழிருந்து ஏறி வருபவருக்குத் திசை தெளிந்துவிடும்.

கட்டும் முறையிலேயே உள்ள வாய்ப்பு

மேலிருந்து கீழாகக் கட்டும் முறையில் முதலில் சுற்றியுள்ள மண்ணைத் தாங்கும் டயாஃப்ரம் சுவர்கள், பிறகு கூரைத்தளம், அதன்பின் அகழ்வு. தோண்டிய மண்ணை வெளியேற்றவும் கம்பிகளையும் இயந்திரங்களையும் இறக்கவும் ஒவ்வொரு தளத்திலும் பெரிய துளைகள் விடப்படுகின்றன. வேலை முடிந்ததும் அவை கான்கிரீட்டால் அடைக்கப்படுகின்றன. இவற்றில் ஒன்றிரண்டைத் தளந்தோறும் ஒன்றின்கீழ் ஒன்றாக அமைத்து, நிரந்தர விளிம்பு உத்திரங்களால் வலுப்படுத்தினால் அவையே ஒளிக்கிணறுகளாகும். சாலை நடுவே இது கடினம். ஆனால் பூங்கா நிலத்தைப் பயன்படுத்தும் பனகல் பூங்கா போன்ற இடங்களில் மேலே திறந்தவெளி இருக்கிறது.

தடைகளும் விடைகளும்

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பின் தரையில் துளை விடுவதை யாரும் எளிதாக ஏற்க மாட்டார்கள். ஒளிக்கிணற்றின் விளிம்பை வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்த்தி, பக்கவாட்டில் மட்டும் கண்ணாடி பொருத்துவது இதற்கு விடை. மழையும் உச்சிவெயிலும் ஒருசேரத் தடுக்கப்படும். இரண்டாவது, நிலத்தடி நீரின் மேலுந்தல். திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கடலோர மணற்பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் உயர்வானது. வெற்றுப் பெட்டியான நிலையத்தை அந்நீர் மேலே தள்ளும். கூரையின் மேலுள்ள மண்ணின் எடை அதை அமுக்கிப் பிடிக்கிறது. திறப்பில் அந்த எடை குறைவதால், அடித்தளத்தின் கனத்தையோ சுவரின் ஆழத்தையோ கூட்ட வேண்டும். மூன்றாவது, தீப்பிடித்தால் கிணற்றின் வழியே புகை தளத்துக்குத் தளம் பரவும். புகைத்திரைகளும் உச்சியில் புகைபோக்கியும் இன்றி இதை அனுமதிக்கலாகாது.

முடிவுரை

இம்மூன்று விடைகளும் சுவரின் ஆழம், தளத்தின் கனம், துளையின் இடம் ஆகியவற்றைச் சார்ந்தவை. கான்கிரீட் ஊற்றிய பின் இவற்றில் எதையும் மாற்ற இயலாது. எனவே இனி வரையப்படும் நிலத்தடி நிலையங்களின் ஒப்பந்த ஆவணங்களில், எந்தத் தளம் வரை எவ்வளவு பகலொளி எட்ட வேண்டும் என்பது காற்றோட்டத்தையும் தீப்பாதுகாப்பையும் போலக் கட்டாய நிபந்தனையாக இடம்பெற வேண்டும். நூறாண்டுக்கு நிற்க வேண்டிய கட்டடத்தில், தினமும் இறங்கி ஏறும் மக்களுக்கு அந்த அளவு வெளிச்சம் உரிமையாகவே சேர வேண்டியது.