பாம்புக்கடிக்காகப் பேச ஒரு பெரிய மனிதர் வந்தபோது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

எந்த நோயை ஆராயப் பணம் ஒதுக்குவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? விஞ்ஞானிகள் என்றுதான் நாம் நினைக்கிறோம். வரலாறு வேறு கதை சொல்கிறது.

1921இல் ரூஸ்வெல்ட்டுக்குப் போலியோ வந்து கால்கள் செயலிழந்தன. பின்னாளில் அவர் அமெரிக்க ஜனாதிபதியானார். 1938இல் போலியோவுக்கென்றே ஒரு நிதியம் தொடங்கினார். எடி கேன்டர் என்ற நகைச்சுவை நடிகர் வானொலியில் வந்து, ஆளுக்கொரு 10 சத நாணயத்தை வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். நாணயங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அந்த நிதியத்தின் பணத்தில்தான் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி உருவாகி, 1955இல் வெற்றி என அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் விபத்தும் புற்றுநோயும் போலியோவை விட அதிகமான அமெரிக்கச் சிறுவர்களைக் கொன்றன. அவற்றுக்காகக் கேட்க ஒரு ஜனாதிபதி இருக்கவில்லை.

நம் நாட்டிலும் பார்த்தோம். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தார்கள். 2016இல் வடக்கிலிருந்து தெற்கே நடந்தது கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. தம்பியைப் புற்றுநோய்க்கு இழந்த மஹேல ஜயவர்தன அதற்கு முன்னின்றார். கிரிக்கெட் வீரர் கூப்பிட்டால் நாடே எழுந்து வரும். நல்ல காரியம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வயலில் பாம்பு கடித்தவனுக்கு யார் நடப்பார்கள்?

2012-2013இல் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்பது மாகாணங்களிலும் வீடு வீடாகப் போய், 165,665 பேரின் விபரம் எடுத்தார்கள். அதன்படி இலங்கையில் வருடத்துக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. சுமார் 400 பேர் இறக்கிறார்கள். வைத்தியசாலைக் கணக்கில் வருவதை விட இது அதிகம். இலங்கைத்துறை, வெருகல், மூதூர், கிண்ணியாப் பக்க வயல்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதினமல்ல. இரவுக் காவலுக்கும் வரம்பு பார்க்கவும் போகிறவர்கள் நம் வாப்பாமாரும் காக்காமாரும்தானே.

மருந்தின் நிலைமை என்ன? நமக்குக் கிடைக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அங்குள்ள நாகம், விரியன், புடையன், சுருட்டை ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு செய்தது. நம் நாட்டில் அதிகமானோரைக் கடிக்கும், சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் சின்னப் பாம்புக்கு அது உதவாது. கடிபடுகிறவர் ஏழை விவசாயி. அவருக்கென்று புதிய மருந்து தேடினால் கம்பனிக்கு என்ன இலாபம்?

இந்த இடத்தில்தான் கோபி அனான் வருகிறார். ஐ.நா. செயலாளர் நாயகமாக இருந்து ஓய்வு பெற்றவர், நோபல் பரிசு பெற்றவர். வைத்தியர்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் பல வருடம் கத்திக்கொண்டிருந்த விடயத்தை அவர் தன் வாயால் சொன்னார். உலகம் திரும்பிப் பார்த்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2018இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் எடுத்தது. 2019இல் பிரித்தானியாவின் வெல்கம் நிதியம் பாம்புக்கடி ஆராய்ச்சிக்கு 8 கோடி பவுண் ஒதுக்கியது.

எல்லாம் ஒரு மனிதரால் நடந்தது என்று சொல்லவில்லை. அவர் பேசியபோது கையில் காட்ட ஆதாரம் இருந்தது. வீடு வீடாகப் போய் எண்ணியவர்கள் கொடுத்த ஆதாரம் அது. எண்ணப்படாத நோய்க்காக எந்தப் பெரிய மனிதராலும் பேச முடியாது.

ஆகவே உறவுகளே, பாம்பு கடித்தால் பார்வை பார்த்து, மருந்து கட்டி வீட்டோடு முடித்துவிடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். முதலில் உயிர் தப்பும், இன்ஷா அல்லாஹ். அடுத்து, அந்தப் பெயர் பதிவில் ஏறும். நமக்காக நடக்க கிரிக்கெட் வீரர் வராமல் போகலாம். நம் கணக்காவது சரியாகப் போய்ச் சேரட்டும்.

வயலுக்குப் போகும் ஒருவருக்காவது இதை வாசித்துக் காட்டுங்கள்.