மெழுகு விற்று வாங்கிய மணல்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஒரு மாதம் தொடர்ந்து போனால், ஸ்கெட்ச் புக்கோடு ஒரு பையனையோ பெண்ணையோ பார்த்துவிடலாம். எதிர் சீட்டில் வாய் பிளந்து தூங்குகிறவர், பூக்கூடையை மடியில் வைத்திருக்கும் அம்மா, கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகள் என்று பேனா ஓடிக்கொண்டே இருக்கும். தூங்குகிறவர் கண் விழித்ததும் பக்கம் திரும்பிவிடும். எழும்பூரிலோ பார்க்கிலோ இறங்கி, ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் கவின் கலைக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இவர்கள். 1931-லிருந்து இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடுகிறது. எத்தனை தலைமுறை மாணவர்களுக்கு இது காசில்லாத மாடல் வகுப்பாக இருந்திருக்குமோ!

என் அக்கா பையனும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருவன். போன மாதம் அவன் கேட்டான்: "மாமா, உனக்குனு ஒரு கோடு வரணும்னு எல்லாரும் சொல்றாங்க. அது எப்ப வரும்?" அடுப்படியிலிருந்து அக்காவின் கேள்வி வந்தது: "அது வந்து என்னடா பண்ணும்? படிச்சு முடிச்சா சோத்துக்கு வழி என்னன்னு கேளு."

எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் பட்டது. இதே கேள்விக்கு அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு வாத்தியாரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து ஒரு பதிலைக் கட்டினார்கள். அந்தப் பதில் இன்னும் இஞ்சம்பாக்கத்தில் நிற்கிறது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை போய், அங்கிருந்து கொஞ்சம் வடக்கே வந்தால் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கதை 1850-இல், அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் மதராஸில் கலைப்பள்ளியைத் தொடங்கியதிலிருந்து ஆரம்பிக்கிறது. அது அப்போது கைவினை கற்றுத்தரும் இடம். அங்கே ஓவியமும் சிற்பமும் பெரிதாக எழுந்தது தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை ஏற்ற பிறகுதான். மெரினாவில் நாம் தினம் கடந்துபோகும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவரிடம் படித்தவர்களுக்கு உடற்கூறும் வெளிச்சமும் கைக்கு அடங்கின. பார்த்ததை அப்படியே பிடிக்கத் தெரிந்தது. அதற்கப்புறம் என்ன என்பதுதான் அடுத்தவர் காலத்துக் கேள்வி.

அந்த அடுத்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பச் சுமையால் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில்தான் கலைப்பள்ளிக்கு வந்தார். நீர்வண்ணத்தில் கேரளத்துத் தென்னையும் ஓடையும் வரைந்து பெயர் வாங்கினார். 1957-இல் ராய் சௌத்ரிக்குப் பிறகு கல்லூரித் தலைமைக்கு வந்தார். பெயர், பதவி இரண்டும் வந்தாயிற்று. பலர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவரோ 1963 வாக்கில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, பழைய பாணியைக் கழற்றி வைத்துவிட்டு 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, படித்தால் பொருள் தராத மலையாள எழுத்து எல்லாம் கித்தானில் ஊர்ந்தன. பணிக்கருக்கு 'அவருடைய கோடு' வந்தது அப்போதுதான் என்று சொல்லலாம். தலைமை வாத்தியாரே மாணவனைப் போலத் தடுமாறித் தேடுவதைப் பார்க்கிற வாய்ப்பு எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

மாணவர்களும் தேடினார்கள். ஒரு பக்கம் ஐரோப்பாவின் நவீன ஓவியங்கள் அச்சில் வந்து மிரட்டின. இன்னொரு பக்கம், நடந்து போகும் தூரத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் இருந்தன. வாசலில் கோலம் இருந்தது. பின்னாளில் 'மெட்ராஸ் கலை இயக்கம்' என்று சொல்லப்பட்டதன் முதுகெலும்பு கோடுதான் என்றால், அந்தக் கோடு இங்கேதான் பழகியது.

ஆனால் டிப்ளமோ கையில் வந்த மறுநாள் என்ன செய்வது? அன்றைய மதராஸில் ஓவியம் வாங்குகிறவர்களை எண்ணிவிடலாம். சிலர் விளம்பர வேலைக்குப் போனார்கள். சிலர் நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு வடிவமைத்தார்கள். கௌரவமான வேலைதான், ஆனால் சாயந்திரம் வீடு திரும்பும் கைக்கு எவ்வளவு வலு மிஞ்சும்? நன்றாக வரைந்த பையன் ஐந்து வருடத்தில் வரைவதையே விட்டுவிடுவதை பணிக்கர் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

இங்கேதான் மெழுகு வருகிறது. பாத்திக் வேலை பார்த்திருப்பீர்கள். உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை எடுத்தால் கோடு நிற்கும். மாணவர்களும் ஆசிரியர்களும் கைவினைச் சங்கம் அமைத்து பாத்திக் செய்து விற்றார்கள். நன்றாகவே விற்றது. அந்தக் காசைப் பங்கு போட்டுச் செலவழிக்காமல், இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் பத்து ஏக்கர் மணல் வாங்கினார்கள். 1966-இல் முப்பது பேருக்கு மேல் சேர்ந்து கிராமம் உருவானது. அப்போது அங்கே சவுக்குத் தோப்பும் மணலும்தான். குடிசை போட்டார்கள், கிணறு வெட்டினார்கள். கைவினை வயிற்றுக்கு, மிச்ச நேரம் ஓவியத்துக்கு என்பதுதான் ஏற்பாடு.

பாத்திக்கை வெறும் பிழைப்பு என்று தள்ள எனக்கு மனமில்லை. மெழுகு சீக்கிரம் ஆறிவிடும், யோசிக்க நேரம் தராது. போட்ட கோட்டை அழிக்கவும் முடியாது. வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை கைக்கும் ஏதோ கற்றுக்கொடுத்திருக்கும்.

கிராமத்துக்கு வெளியே வளர்ந்தவர்களும் உண்டு. கே.எம். ஆதிமூலத்தை நமக்குத் தெரியும். சிறுபத்திரிகை அட்டைகளிலும், கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' பக்கங்களிலும் பார்த்த கோடு அவருடையது. திருச்சிப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்து சென்னை வந்த அவருக்கு, சிற்பி தனபால் வழிகாட்டினார். காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியைக் கோட்டிலேயே விதவிதமாக வரைந்து தள்ளினார். அப்புறம் மகுடம் சூடிய ராஜாக்கள். கோட்டுக்காகவே கொண்டாடப்பட்ட அவர், பின்னால் கோட்டை விட்டுவிட்டு வண்ணப் பரப்புகளுக்குள் போனார். ஒருவருக்கு வந்த கோடு கடைசிவரை அவரோடு இருந்துதான் ஆகவேண்டும் என்றில்லை.

சோழமண்டலத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைப்பவர் கே. ராமானுஜம். மனச்சிதைவு நோயோடும் பேச்சுத் திக்கலோடும் வாழ்ந்த மாணவர். எதற்கும் ஆகமாட்டான் என்று பிறர் நினைத்த பையனிடம் பணிக்கர் ஓர் ஓவியனைப் பார்த்தார். கிராமத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது. மை ஓவியங்களில் அவர் கட்டிய உலகத்தில் மாடமாளிகைகள், பறக்கும் பெண்கள், விநோத மிருகங்கள். நடுவே தொப்பி வைத்த ஒரு மனிதர், அவரேதான். 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரை முடித்துக்கொண்டார். சி. மோகனின் 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' நாவல் அவரைப் பற்றியதுதான்.

ராமானுஜத்தைப் பற்றிப் பேசும்போது 'பித்துதான் கலை' என்று சிலாகிக்க நமக்கெல்லாம் ஆசை வரும். அந்தப் படங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கீறல்கள், ஒன்றின் மேல் ஒன்று. அத்தனையும் பொறுமை, அத்தனையும் உழைப்பு. நோய் அதை வரையவில்லை. நோயை மீறி ஒருவர் வரைந்தார். உட்கார ஓர் இடமும், "வரை" என்று சொல்ல நாலு பேரும் இருந்ததால் அது முடிந்தது. அது அவரைக் காப்பாற்றப் போதவில்லை என்பதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும். சோழமண்டலம் எல்லாவற்றுக்கும் விடை இல்லை. அங்கிருந்து வெளியேறியவர்களும் உண்டு.

அக்கா பையன் ராமானுஜத்தின் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். வெளியே வந்தபோது ஈசிஆரில் கார்கள் பறந்துகொண்டிருந்தன. இன்றைக்கு இங்கே பத்து ஏக்கர் வாங்க எத்தனை பாத்திக் விற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சிரித்தோம்.

பஸ்ஸில் கேட்டான்: "இப்ப பாத்திக் மாதிரி என்ன இருக்கு மாமா?"

சுவர் ஓவியம், புத்தக அட்டை, கல்யாண வீட்டில் உடனே வரைந்து தருவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் ஆளாளுக்குத் தனியாதான் செய்றாங்க. இவங்க அந்தக் காச ஒண்ணா போட்டாங்கள்ல" என்றான். நான் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டது அது.

"உன் கூட யாரு இருக்கா?"

"மூணு பேர் இருக்காங்க. ஒருத்திக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் தெரியும்."

மேடவாக்கம் சிக்னலில் பஸ் நின்றது. முன்சீட்டில் ஒரு பெரியவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவன் ஸ்கெட்ச் புக்கை எடுத்தான்.