பாட்டி சொன்னதும் பேரன் எழுதியதும்

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்ததைத் தமிழகத்தில் அறியாதார் சிலரே. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை எட்டுமுன் அலைக்கு இரையாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிதைந்த பாம்பன் பாலம் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. அவ்வேளை இராமேசுவரம் வந்திருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் உயிர் தப்பிய கதையைச் சொல்லாத இதழ் இல்லை. மணல்மேட்டில் குடிசையிட்டு வாழ்ந்த மீனவக் குடும்பங்களைப் பற்றியோ ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. அவர்களுடைய வரலாறு அவர்களுடைய வீடுகளில்தான் இருக்கிறது. அன்று பத்து வயதுச் சிறுமியாயிருந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்.

ஆகவே, பெரியோரின் நினைவுகளைக் கேட்டு நாடகமாகவும் படக்கதையாகவும் ஊர் வரைபடமாகவும் ஆக்கும் பணியை மாணவரிடம் ஒப்படைப்பது காலத்தின் தேவை என்போம். ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். “புயலில் என்ன நடந்தது?” என்று கேட்டால், செய்தித்தாளில் வந்ததையே பாட்டியும் திருப்பிச் சொல்லக்கூடும். “அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது? கையில் எதை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள்? தம்பியைத் தூக்கியது யார்?” என்று கேட்டால் அவர் சற்று நேரம் பேசாதிருப்பார்; பிறகுதான் உண்மையான நினைவு வாய் திறக்கும். நம் மக்கள் தேதியால் அல்ல, திருவிழாவால் காலத்தைக் கணக்கிடுபவர்கள். கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள் முன்பு என்பதும், பாஸ்கு முடிந்த வாரம் என்பதும் மாணவருக்குப் போதிய தடயங்களே. பங்கின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளுடன் இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடக்கப் பதிவேட்டை மட்டும் முழுமையாக நம்பிவிடலாகாது. கடல் கொண்டுபோன உடலுக்குக் கல்லறை இல்லை. கல்லறை இல்லாதவரின் பெயர் ஏடேறாமலே போயிருக்கலாம். அப்பெயரை இன்று சொல்லக்கூடியவர் அந்தப் பாட்டி ஒருவரே.

படைப்பு என்றதும் கற்பனை தலைகாட்டும். அதில் தவறில்லை. எனினும் பாட்டி சொன்னது எது, பேரன் சேர்த்தது எது என்று பார்ப்போர் அறிய வேண்டும். நாடகத்தில் மாணவர் தாமாகப் புனைந்த உரையாடலை நிகழ்ச்சித் தாளில் குறித்துவிட்டால் போதும். வரைபடத்தில் கிணற்றைப் பாட்டி ஓரிடத்திலும் தாத்தா வேறிடத்திலும் காட்டினால், இரண்டு கிணறுகளையும் வரையட்டும். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒன்றை அழிக்கச் சொல்வார்கள். நாம் அதற்கு உடன்படோம்.

திருச்சபைக்கு இது புதிதன்று. அப்புயலுக்கு அடுத்த ஆண்டு, 1965 நவம்பர் 18 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இறைவெளிப்பாடு’ ஏடு நற்செய்தி உருவான விதத்தை விளக்குகிறது: திருத்தூதர் வாய்மொழியாய் அறிவித்தவற்றிலிருந்து நற்செய்தியாளர் தேர்ந்தும் தொகுத்தும், தம் சபைகளின் நிலையைக் கருதியும் எழுதினர், உண்மையினின்று வழுவவில்லை. லூக்காவும் கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்தவற்றை ஆராய்ந்தே எழுதியதாகத் தம் முன்னுரையில் தெரிவிக்கிறார். நான்கு நற்செய்திகளையும் ஒன்றாய்க் குழைத்துவிடாமல் நான்காகவே காத்துவரும் சபைக்கு இரண்டு கிணறுகள் பெரிதல்ல.

சிலர் பேச மறுப்பர். கைவிட்டுப் போன குழந்தையைப் பற்றிப் பேரப்பிள்ளையிடம் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வருமா? அந்த மௌனத்தைக் கைப்பேசியை நீட்டி உடைக்க முயல்வது பாவம். “இதற்கு மேல் அவர் சொல்ல விரும்பவில்லை” என்று எழுதிவிட்டு மாணவர் எழுந்துவிட வேண்டும்.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின், தனுஷ்கோடியின் இடிந்த ஆலயச் சுவர்முன் நின்று படம் எடுத்துக்கொள்வோர் பெருகிவிட்டனர். அங்கே மண்டியிட்டவர் யார், ஞாயிறு பூசைக்கு எவ்வழியாக நடந்து வந்தனர் என்று அவர்களுக்குச் சொல்ல நம் பிள்ளைகளால் இயலும். எழுதிய முதற்படியைச் சொன்னவருக்கே படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொல்வதை நீக்கி, ஒரு படியை அவர் வீட்டிலும் மற்றொன்றைப் பங்கு ஆவணங்களோடும் வைக்கட்டும்.